சைக்கிள் கவுண்டிங் ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு, என் அனுபவம்

நாங்க பார்ட்ஸ் மெஷினிங் பண்ணி அசெம்பிள் பண்ற யூனிட். முன்னாடியெல்லாம் வருஷக் கடைசியில ப்ரொடக்‌ஷனை நிறுத்திட்டு எல்லாரும் ஸ்டோர்ஸ்ல இறங்கி மொத்தத்தையும் எண்ணுவோம், அவசர அவசரமா எண்ணி சிஸ்டத்துல அட்ஜஸ்ட் பண்ணுவோம், கொஞ்ச நாள்லயே புக் ஸ்டாக் (சிஸ்டத்துல இருக்கிற எண்ணிக்கை) ஒண்ணு சொல்லும் ராக் ஒண்ணு சொல்லும். அதை விட்டுட்டு இஆர்பில (ஸ்டாக், பர்ச்சேஸ், கணக்கு எல்லாம் ஒண்ணா இருக்கிற கம்பெனி சாஃப்ட்வேர்) இருக்கிற சைக்கிள் கவுண்ட் மாட்யூலும் ஹேண்ட்ஹெல்ட் ஸ்கேனரும் வச்சு தினமும் கொஞ்சம் கொஞ்சமா எண்ண ஆரம்பிச்சோம். இப்ப தைரியமா சொல்லலாம், நல்லா வேலை செய்யுது, ஆனா நாம எதிர்பார்க்கிற காரணத்துக்காக இல்ல.

ஐட்டத்தை மதிப்பு அதிகம்னா ஏ, நடுத்தரம்னா பி, கம்மின்னா சின்னு பிரிக்கிறது எல்லாருக்கும் தெரியும். வருஷ உபயோகத்தை விலையால பெருக்கி வரிசைப்படுத்தினா பொதுவா 20 சதவீத ஐட்டம்தான் 80 சதவீத மதிப்பைப் பிடிச்சிருக்கும். கணக்கு ரொம்ப சிம்பிள். 100 ஏ ஐட்டத்தை மாசாமாசம், 300 பி ஐட்டத்தை மூணு மாசத்துக்கு ஒருதரம், 600 சி ஐட்டத்தை வருஷத்துக்கு ரெண்டுதரம் எண்ணினா மொத்தம் 3600 கவுண்ட், 300 வேலை நாள்னு வச்சா நாளைக்கு 12தான், ஒரு ஆள் காலையில முடிச்சிடலாம். ஒரே ஒரு திருத்தம் சொல்வேன், விலை கம்மின்னு சில ‘ஓ’ ரிங், சர்க்ளிப் எல்லாம் சி-க்குப் போயிடும், ஆனா அது இல்லன்னா லைன் நின்னுடும், அந்த மாதிரி ஐட்டத்தை கண்ண மூடிட்டு ஏ-ல தூக்கிப் போடுங்க.

ஸ்கேனர்ல புக் குவான்டிட்டி காட்டாம எண்ண வைக்கணும், இது கட்டாயம். 500னு திரையில தெரிஞ்சா 496 வந்தாலும் கை தானா 500னு அடிச்சிடும், அது அந்த ஆளோட நேர்மை சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான் நடக்கும். அதேமாதிரி நேரம். முதல் ஷிஃப்ட்ல இஷ்யூ (ஸ்டோர்ஸ்ல இருந்து லைனுக்கு மெட்டீரியல் குடுக்கிறது) ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நேத்தைய ஜிஆர்என் (மெட்டீரியல் வந்ததுக்கான ரசீது), இஷ்யூ ஸ்லிப், ரிட்டர்ன் எல்லாம் என்ட்ரி ஆயிடுச்சான்னு பார்த்துட்டுதான் எண்ணணும். ஆரம்பத்துல எங்களுக்கு வந்த வேரியன்ஸ்ல நிறைய நிஜ வித்தியாசமே இல்ல, மெட்டீரியல் ராக்குக்கு வந்துடுச்சு என்ட்ரி வரல, இல்லன்னா என்ட்ரி போட்டாச்சு மெட்டீரியல் இன்னும் இன்ஸ்பெக்‌ஷன்ல கிடக்குது.

இனி சொல்லப் போறதுதான் எனக்கு முக்கியம். வித்தியாசம் வந்தவுடனே அட்ஜஸ்ட்மென்ட் போட்டுட்டா அந்தக் கவுண்ட்டே வீண், ஏன் வந்துச்சுன்னு காரணம் எழுதாம அப்ரூவல் குடுக்கக் கூடாதுன்னு வச்சோம், அங்கதான் எல்லாம் மாறுச்சு. ஒரு பிராக்கெட், இடது பக்கம் வலது பக்கம்னு ரெண்டு பார்ட் நம்பர், பார்க்க கண்ணாடியில தெரியிற மாதிரி ஒண்ணுக்கொண்ணு திருப்பி இருக்கும். ஒண்ணுல 40 அதிகம், இன்னொண்ணுல 40 கம்மி. ரெண்டும் ஒரே விலைங்கிறதால ரூபாய் ரிப்போர்ட்ல வித்தியாசம் பூஜ்யம், ஃபைனான்ஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா லைன்ல வலது பக்கம் ஷார்ட்டேஜ். போய் பார்த்தா ரெண்டு பின்னும் (பார்ட் போட்டு வைக்கிற பெட்டி) பக்கத்துப் பக்கத்துல, லேபிளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ரிசீவிங்ல பாக்ஸ் மாறி மாறி உள்ள போயிருக்கு. பின்னைப் பிரிச்சு வேற ராக்ல வச்சோம், லேபிள் கலர் மாத்தினோம், அதுக்கப்புறம் அந்தப் பிரச்சனையே வரல. அதனாலதான் சொல்றேன், அக்யூரசியை ரூபாய்ல பார்க்காதீங்க, எண்ணின லொகேஷன்ல எத்தனை டாலரன்ஸுக்குள்ள (அனுமதிச்ச வித்தியாசத்துக்குள்ள) சரியா இருக்குன்னு பாருங்க.

பேக்ஃப்ளஷ் இன்னொரு பெரிய தலைவலி. அசெம்பிளி முடிஞ்சதும் பிஓஎம் (ஒரு ப்ராடக்ட்டுக்கு எந்த பார்ட் எத்தனைன்னு இருக்கிற லிஸ்ட்) படி சிஸ்டமே ஸ்டாக்கைக் கழிச்சுக்கும், ஆனா லைன்ல ஒரு ஸ்க்ரூ த்ரெட் போயி இன்னொண்ணு எடுத்தா ஸ்க்ராப் என்ட்ரி யாரு போடுறா? ஒரே ஐட்டம் எப்ப எண்ணினாலும் கம்மியாவே வந்தா ஸ்டோர்ஸ் ஆளைச் சந்தேகப்படாதீங்க, முதல்ல பிஓஎம், அடுத்து ஸ்க்ராப், ரீவொர்க் பாருங்க.

சின்ன ஃபாஸ்டனரை எடைபோட்டு எண்ணுறவங்களுக்கு ஒண்ணு, சாம்பிள் 10 பீஸ்ல எடுக்காதீங்க, 100 எடுங்க. ஒரு பீஸ் எடையில 1 சதவீதம் தப்பினா 5000ல 50 போச்சு. ப்ளேட்டிங் லாட் மாறினா எடையும் மாறும், ஒவ்வொரு லாட்டுக்கும் புதுசா சாம்பிள் போடணும், காலி ட்ரே எடையையும் கழிக்கணும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லா ஐட்டத்துலயும் ஒரேயடியா இறங்க வேணாம், எல்லா வகையிலயும் கொஞ்சம் ஐட்டம் எடுத்து அதையே திரும்பத் திரும்ப எண்ணுங்க, ப்ராசஸ்ல எங்க ஓட்டைன்னு சீக்கிரம் தெரிஞ்சிடும். அப்புறம் பின் காலியாகுற நேரத்துல ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க, எண்ண வேண்டிய வேலையே இல்ல, சிஸ்டத்துல பூஜ்யம் இல்லன்னா அங்கயே மாட்டிக்கும்.

எங்களுக்கு இன்னும் சரியாகாதது ஜாப் ஒர்க்குக்கு (வேற யூனிட்ல வேலை செஞ்சு வாங்குறதுக்கு) வெளிய போன மெட்டீரியலும் லைன்ல பாதியில நிக்கிற டபிள்யூஐபியும்தான். ஸ்டோர்ஸுக்குள்ள இருக்கிற அளவுக்கு அங்க நம்பிக்கை வரல, இப்போதைக்கு ஜாப் ஒர்க் ஸ்டாக்கைத் தனி லொகேஷனாவே சிஸ்டத்துல காட்டி சலானோட ஒத்துப் பார்க்கிறோம், டபிள்யூஐபிக்கு ஷிஃப்ட் மாறுற நேரத்துல லைன் சூப்பர்வைசரையே எண்ண வைக்கிறோம்.