சீர்வரிசைக் கடைக்கு எந்த ரேடியோ: மதுரை தனியார் எஃப்எம்மா, கொடைக்கானலா?

எங்களுடையது மதுரையில் சீர்வரிசைப் பாத்திரம் விற்கும் கடை. ஆவணி முகூர்த்தத்துக்கு ரேடியோவில் விளம்பரம் கொடுக்கலாம் என்று முடிவானதும் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஊருக்குள்ளேயே இருக்கும் தனியார் எஃப்எம்களில் மூன்று: சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4. இன்னொன்று, ஆகாசவாணியின் கொடைக்கானல் நிலையம், 100.5. சுருக்கமாகக் கொடை எஃப்எம். ஒரு பருவம் தனியாரில் ஒன்றுக்குக் கொடுத்தோம், அடுத்த பருவம் கொடைக்குக் கொடுத்தோம். இப்போது விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு கொடைக்குத்தான் போகிறது. எங்களைப் போன்ற கடைக்கு அதுவே சரி என்பது என் கட்சி.

முதலில் ரேட்டிங் விஷயத்தை முடித்துவிடலாம். எந்தத் தனியார் நிலையத்திலிருந்து ஆள் வந்தாலும் கையில் ஒரு தாள் இருக்கும். எல்லாத் தாளிலும் அவரவர் நிலையம்தான் நம்பர் ஒன். பொய் என்று சொல்ல முடியாது. கீழே பொடி எழுத்தில் பார்த்தால், ஒருவர் இளவட்டத்தில் முதலிடம், இன்னொருவர் காலை நேரத்தில் முதலிடம், மற்றவர் வசதியான வீடுகளில் முதலிடம். ரேடியோவுக்கென்றே 2007-இல் தொடங்கிய ரேம் கணக்கெடுப்பு, கேட்பவர்கள் கையில் நோட்டைக் கொடுத்து, எந்த நேரம் எந்த நிலையம் கேட்டீர்கள் என்று எழுத வைத்த முறை. அது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா என்ற நான்கு ஊரோடு சரி. சென்னைக்கே இல்லாதது மதுரைக்கு எங்கே வரப்போகிறது? மிச்சம் இருப்பது பத்திரிகை வாசகர்களை எண்ணும் ஐஆர்எஸ் சர்வே. அதில் ரேடியோவும் ஒரு ஓரமாக வரும். 2019-க்கான கடைசிச் சுற்று 2020-இல் வெளிவந்தது, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சத்தமே இல்லை. அந்தப் பழைய தாளை வைத்துக்கொண்டு இன்றைக்குப் பணம் போடச் சொன்னால் எப்படி?

அதனால் நாங்கள் பில் போடும் இடத்திலேயே விசாரிக்க ஆரம்பித்தோம். "எங்கம்மா கேள்விப்பட்டீங்க?" அவ்வளவுதான் கேள்வி. டவுன்காரர்கள் பெரும்பாலும் "எஃப்எம்ல வந்துச்சுண்ணே" என்பார்கள். எந்த எஃப்எம் என்று கேட்டால் யோசிப்பார்கள். காரிலும் ஷேர் ஆட்டோவிலும் பாட்டு முடிந்து விளம்பரம் வந்தாலே விரல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுகிறது. மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்கிறவருக்கு எதன் பெயர் ஞாபகம் இருக்கும்? உசிலம்பட்டி, வத்தலக்குண்டு பக்கமிருந்து வருகிறவர்கள் அப்படியில்லை. கைப்பையிலிருந்து மடித்த சீர் லிஸ்டை எடுத்து மேசையில் விரித்தபடியே, "கொடை எஃப்எம்ல சொன்ன கடை இதானா தம்பி?" என்று நிலையத்தின் பெயரோடு கேட்கிறார்கள். வீட்டில் ஒரே இடத்தில் முள்ளை வைத்துவிட்டு வேலை பார்க்கிறவர்கள் அவர்கள்.

பாட்டு விஷயத்தில் தனியார் மூன்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் எனக்குப் படவில்லை. காலையில் புதுப்பாட்டு, ராத்திரியில் இளையராஜா, நடுவில் ஆர்ஜே பேச்சு. ஏலத்தில் காசு கொட்டி உரிமம் எடுத்து, வருமானத்திலும் அரசுக்குப் பங்கு கட்டும் நிலையம் கர்நாடக இசைக்கென்றோ நாட்டுப்புறப் பாட்டுக்கென்றோ ஒதுங்கினால் கட்டுப்படியாகாது. சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதி இல்லை. அப்புறம் எல்லாருக்கும் சினிமாப் பாட்டுதானே கதி? கொடையிலும் சினிமாப் பாட்டுதான் அதிகம். ஆனால் நடுநடுவே விவசாய நிகழ்ச்சி, செய்தி, நேயர் விருப்பம் எல்லாம் வருகிறது. கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில் ரேடியோவை அணைக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். சீர்ப் பாத்திரத்தை முடிவு செய்வது 22 வயதுப் பெண் இல்லை, அவளுடைய அம்மாவும் அத்தையும்.

எல்லாவற்றையும் விட என்னைக் கொடைப் பக்கம் தள்ளியது மலைதான். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கோபுரத்தின் உச்சிக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதைக் கொஞ்சம் தாண்டும் வரைதான் ஒழுங்காகக் கேட்கும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு அந்தக் கணக்கு சுமார் 40 கிலோமீட்டரில் முடிகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை வைத்தால், குறுக்கே குன்று இல்லாத பக்கமெல்லாம் 150 கிலோமீட்டர் தாண்டியும் போகும். வாட்ஸ் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது, உயரம் உயரம்தான். தேனி ரோட்டில் போகிறவர்களுக்கு இது பழக்கம்: மதுரையில் கணீரென்று கேட்ட நிலையம் உசிலம்பட்டி தாண்டியதும் இரைய ஆரம்பிக்கும், ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஏறும்போது பாதிப் பாட்டு கரகரப்புதான். 100.5-க்கு மாற்றினால் பக்கத்து வீட்டில் பாடுவது போலக் கேட்கும்.

ஊருக்குள் இருக்கிறவர் தெருமுனைக் கடையிலேயே குக்கர் வாங்கிவிடுவார். ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டி பஸ் ஏறி வருகிறவர்தான் அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் என்று மொத்த லிஸ்டையும் ஒரே கடையில் முடித்துவிட்டுப் போவார். என்னுடைய பெரிய பில்லெல்லாம் நகரக் கோபுரத்தின் எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, எல்லைக்கு உள்ளே யார் நம்பர் ஒன் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

தனியாரில் நல்லது இல்லாமல் இல்லை. வேகம் அவர்களிடம்தான். நாங்கள் சொன்ன மறுநாளே ஸ்பாட், அதாவது எங்கள் விளம்பரம், ஓடியது. ஆர்ஜே கடைக்கே வந்து மதுரைப் பேச்சில் கலகலவென்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். தீபாவளிக்கு முந்தைய வாரம், கடை திறப்பு, ஜவுளி, மொபைல், பிரியாணி என்றால் நான் யோசிக்காமல் அவர்களிடமே போகச் சொல்வேன். ஆகாசவாணியில் விளம்பர வாசகம் அவர்களுடைய விதிப்படி இருக்க வேண்டும், பணம் முன்னதாகக் கட்ட வேண்டும், கடைசி நேரத்தில் ஒரு வரியை மாற்றுவது லேசில்லை. 'மதுரையிலேயே மலிவு' என்ற மாதிரி வீராப்பு வரியெல்லாம் எழுதாமல் இருப்பது நல்லது.

தனியாரில் ஒன்றை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன், மற்ற இரண்டிலும் பணம் போட்டவர் வேறு மாதிரி சொல்லலாம். கொடைக்குக் கொடுத்த பருவத்தில் முகூர்த்த நாளும் கூடுதல், ஆகவே விற்பனை கூடியதில் ரேடியோவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதை மட்டும் பில்லில் எழுதி வைத்திருப்பதால் அடித்துச் சொல்கிறேன்: தேனி, பெரியகுளம், நிலக்கோட்டை பில்கள் அந்தப் பருவத்தில்தான் கூடின.

வரும் தை முகூர்த்தத்துக்கும் கொடைதான். தனியாரில் கடைசி வாரத்துக்கு மட்டும், காலை 7 முதல் 11 மணிக்குள் என்று நேரம் குறித்து வாங்கப் போகிறோம். 'நாள் முழுக்க எப்போதாவது' என்கிற மலிவு பேக்கேஜில் எங்கள் ஸ்பாட்டுகள் பாதிக்குமேல் மத்தியானத் தூக்க நேரத்தில்தான் ஓடின. எங்கே கொடுத்தாலும், எந்தெந்த நிமிஷம் ஓடியது என்ற ஒலிபரப்புச் சான்றை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.