பாஸ்போலிப்பிட் தூள்: ரெஸ்ஸா, சாஸா, ஸ்ப்ரே டிரையரா?

மருந்து சுமக்கும் பாஸ்போலிப்பிட் (செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு வகை) துகள் என்றாலே பலரும் கைவைப்பது 1960களில் பாங்கம் குழு காட்டிய வழியில்தான். லெசித்தினை (சோயா போன்றவற்றில் கிடைக்கும் பாஸ்போலிப்பிட் கலவை) குளோரோஃபார்மில் கரைத்து, ரோட்டரி எவாபரேட்டரில் சுழற்றி, குடுவைச் சுவரில் படலமாகக் காயவிட்டு, தண்ணீர் ஊற்றினால் லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புப் பை வந்துவிடும். ஆய்வகத்துக்கு மலிவான முறை. ஆனால் குளோரோஃபார்ம் மருந்தில் 60 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 60 பங்கு) மேல் மிஞ்சக்கூடாது என்கிறது மருந்துத் தரத்துக்கான சர்வதேச ஐசிஎச் (ICH) வரம்பு. எத்தனாலுக்கு 5000 வரை விடுகிறார்கள்.

சரி, சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடுக்கு வருவோம். 31 டிகிரி, 74 பார் தாண்டினால் போதும், வாயுவுக்கும் திரவத்துக்கும் நடுவான அந்த நிலை வந்துவிடும்; அழுத்தத்தை இறக்கினால் வாயுவாகப் போய்விடும்.

ரெஸ் (RESS) முறையில் பொருளை அதில் கரைத்து நாசில் வழியே சட்டென்று விரியவிட வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் பாஸ்போலிப்பிட் சுத்தமான கார்பன் டை ஆக்சைடில் கரையவே கரையாது என்று சொல்லலாம் (சோயா லெசித்தினிலிருந்து எண்ணெயை மட்டும் கழுவி எடுக்க முடிவதே இதனால்தான்). எத்தனால் சேர்த்தால் கரையும், ஆனால் விரியும்போது அந்த எத்தனாலும் கூடவே இறங்கித் தூளை ஈரமாக்கிவிடும். அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

சாஸ் (SAS) முறை அந்தக் கரையாத குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. எத்தனாலில் கரைத்த லெசித்தினை அழுத்தக் கலனுக்குள் தெளித்தால், கார்பன் டை ஆக்சைடு எத்தனாலை இழுத்துக்கொள்ள, கரைப்பான் இல்லாத லிப்பிட் தூளாக விழுகிறது. அழுத்தத்தை இறக்கும் முன் புது வாயுவை நிறைய நேரம் ஓடவிட்டு எத்தனாலை வெளியேற்ற வேண்டும், அவசரப்பட்டால் தூள் மறுபடி நனைந்துவிடும். சாதாரண சோயா லெசித்தின் மென்மையானது, வாயு உள்ளே புகுந்து இன்னும் இளக்கிவிடுவதால் துகள்கள் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜனேற்றிய லெசித்தின் எவ்வளவோ மேல்.

பிஜிஎஸ்எஸ் (PGSS) என்ற இன்னொரு முறை டிரைகிளிசரைடு என்ற சாதாரணக் கொழுப்புக்கு, மெழுகுக்கு நல்லது. உருக்கிய பொருளில் வாயுவைக் கரைத்துத் தெளிப்பதால் கரைப்பானே வேண்டாம். தனி பாஸ்போலிப்பிட்டை உருக்கினால் கறுத்துப்போகும், கலவையில் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

நுரையீரலுக்கு இழுக்கும் தூள் என்றால் என் ஓட்டு, திரவத்தைச் சூடான வாயுவில் தெளித்து உலர்த்தும் ஸ்ப்ரே டிரையருக்கு. டிஎஸ்பிசி (DSPC) என்ற பாஸ்போலிப்பிட்டும் கால்சியம் குளோரைடும் சேர்த்து அப்படி உலர்த்திய டோப்ராமைசின் ஆன்டிபயாடிக் தூள், டோபி பாட்ஹேலர், 2013இல் அமெரிக்க அனுமதியே வாங்கிவிட்டது. உயர் அழுத்தக் கலன் தேவையில்லை, இடைவிடாமல் ஓட்டலாம். மருந்தும் எத்தனாலில் கரையும், சூடும் ஆக்சிஜனும் ஆகாது என்றால் மட்டும் சாஸுக்குச் செலவழிக்கலாம். எத்தனால் பட்டால் கெட்டுப்போகிற புரத மருந்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.