கப், பாட்டில், மூங்கில் குழல்: பாயும் டரான்டுலாவை வீடு மாற்ற எது நல்லது?

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு என் டிரினிடாட் செவ்ரான் என்ற டரான்டுலாவை (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) 30 செ.மீ. உயர அக்ரிலிக் பெட்டிக்கு மாற்றினேன். தம்பி பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றான். பழைய ஜாடியைத் திறந்ததிலிருந்து புதுப் பெட்டியின் கதவைச் சாத்தும்வரை நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் சிலந்தி வெளியே தலைகாட்டவே இல்லை. "அவ்வளவுதானா அக்கா?" என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இதே சிலந்தியை முன்பு கப்பும் பிரஷும் வைத்து மாற்றியபோது வீட்டில் நடந்தது அவனுக்கும் மறக்கவில்லை.

வேகமாக ஓடும் டரான்டுலாவை டப்பா மாற்ற மூன்று வழிகளை நான் செய்து பார்த்திருக்கிறேன். கப்–பிரஷ், அடி வெட்டிய பாட்டில், அது குடியிருக்கும் குழலோடு தூக்கி வைப்பது. மூன்றாவதன் பக்கம்தான் நான். ஏன் என்பதைச் சொல்ல, முதலில் இந்தச் சிலந்தியைப் பற்றிக் கொஞ்சம்.

செவ்ரானின் அறிவியல் பெயர் சால்மோபியஸ் கேம்பிரிட்ஜி. வயிற்றின் மேல் அம்புமுனை மாதிரி வரிகள் இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். மரவாசி. அமெரிக்கக் கண்ட டரான்டுலாக்களில் பெரும்பாலானவை எதிரியைக் கண்டால் வயிற்றிலிருந்து அரிக்கும் முடியை உதைத்துவிடும். இதற்கு அந்த முடி கிடையாது. ஆகவே மிரண்டால் ஓடும். ஓட வழியில்லை என்றால் கடிக்கும். அதன் விஷத்தில் உள்ள சில நச்சுகள், மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகின்றன என்று 2006-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கடி எப்படி எரியும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கப்–பிரஷ் எல்லோருக்கும் தெரிந்தது. சிலந்தியின் முன்னால் தெளிவான கப்பை வைத்து, பின்னாலிருந்து மெல்லிய பெயின்ட் பிரஷால் தொட்டுத் தள்ளி, உள்ளே போனதும் மூடுவது. மெதுவாக நடக்கும் தரைவாசிகளுக்கு இதுவே போதும். என்னிடம் ஒரு மெக்சிகோ செம்முழங்கால் இருக்கிறது. பிராக்கிபெல்மா இனம், சைட்ஸ் என்ற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் வருவது. 2022-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் விதிகளும் வந்த பிறகு இப்படிப்பட்டவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், செய்துவிட்டேன். அதைக் கப்பில் மாற்றுவது ஆமையைத் தட்டில் ஏற்றுவது மாதிரி. இரண்டு முறை தொட்டால் இரண்டு அடி வைக்கும்.

அந்த அனுபவத்தை நம்பித்தான் செவ்ரானுக்கும் கப்பை எடுத்தேன். அப்போது அது கால்விரிப்பில் சுமார் 10 செ.மீ. டிசம்பர் மாதம், பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் குளியலறை. ஜன்னலைச் சாத்தி, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, கதவடியில் துண்டு சுருட்டி வைத்து, எல்லாம் சரியாகச் செய்ததாக நினைத்தேன். பிரஷ் அதன் பின்னங்காலைத் தொட்டதுதான் தெரியும். கப்புக்குள் போகவில்லை, கப்பின் வெளிச்சுவரில் ஏறி என் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. "அக்கா, கையை ஆட்டாத, மேல ஏறுது!" என்று தம்பி கத்தினான். நான் ஆட்டவில்லை. ஆட்டியிருந்தால் அது கீழே விழுந்திருக்கும். டைல்ஸ் தரையில் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகலாம். முழங்கை வரை வந்தது, அங்கிருந்து சுவருக்குத் தாவியது, கீசருக்குப் பின்னால் இருந்த இரண்டு விரல் இடைவெளியில் நுழைந்தது.

நான்கு நாள் கீசரைப் போடவில்லை. பெங்களூரு டிசம்பரில் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். கீழ் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. ஒவ்வொரு முறை அதன் சத்தம் கேட்கும்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும். நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், கதவு நிலைக்கு மேலே காலை விரித்து அசையாமல் இருந்தது.

அன்று கைகொடுத்தது பாட்டில். ஒரு பெரிய குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டி, வெட்டிய விளிம்புக்கு டேப் ஒட்டி வைத்திருந்தேன். அதைச் சிலந்தியின் மேல் கவிழ்த்து, சுவருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் செருகினேன். ஃபிலிம் மெல்லியது, ஆனால் மடங்காது, காலில் சிக்காமல் வழுக்கிப் போகும். மரவாசி இருட்டையும் உயரத்தையும் தேடும் என்பதால், கழுத்துப் பகுதியைக் கறுப்புத் துணியால் சுற்றினால் தானாக அங்கே ஏறிக்கொள்ளும். புதுப் பெட்டிக்குள் பாட்டிலை வைத்து மூடியைத் திறந்தால் வேலை முடிந்தது.

வெளியே வந்துவிட்ட சிலந்தியைப் பிடிக்க பாட்டிலுக்கு இணை எதுவும் இல்லை. இன்றும் டப்பா திறக்கும்போதெல்லாம் என் வலப்பக்கம் ஒரு பாட்டிலும் எக்ஸ்ரேயும் இருக்கும். ஆனால் வீடு மாற்றும் முறையாக அதற்கு ஒரு குறை உண்டு. சிலந்தியை முதலில் அதன் குழலை விட்டு வெளியேற்ற வேண்டும். குத்திக் குத்தி வெளியே வரவைத்தால் அது ஏற்கனவே மிரண்டுதான் வருகிறது.

மூன்று முறைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நம் கை எவ்வளவு வேகம், பிரஷ் எவ்வளவு மென்மை என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். மிரண்ட சிலந்தி எங்கே ஓடும்? அதுதான் கேள்வி. கப்பில் அது ஓடினால் நம் திட்டம் உடைகிறது. பாட்டிலில் ஓடினால் பாதி நேரம் திட்டத்துக்கு உதவுகிறது. குழலோடு தூக்கும்போதோ, மிரண்டால் குழலின் அடிக்குத்தான் ஓடும், ஏனென்றால் அதன் வீடு அதுதான். அதன் பயமே அதை உள்ளே பிடித்து வைக்கிறது.

குழலுக்குக் கார்க் மரப்பட்டை நல்லது, ஆனால் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். நான் மூங்கிலுக்கு மாறினேன். கன்டோன்மென்ட் பக்கம் பேம்பூ பஜாரில் உள்விட்டம் இரண்டு அங்குலம் வருகிற மாதிரி பார்த்து வாங்குவேன். வெட்டும்போது கணுவுக்குக் கீழே வெட்டச் சொல்ல வேண்டும். அப்போது கணுவே அடியாகிவிடும், மேலே ஒரே ஒரு வாய்தான். இரண்டு பக்கமும் திறந்த கார்க் குழலில் ஒரு வாயை அடைக்கும்போது இன்னொரு வாய் வழியாக வரும் ஆபத்து உண்டு. மூங்கிலில் அந்தக் கவலையே இல்லை. கணுவுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்காமலிருக்க இரண்டு சிறு துளை, மேலே காற்றுக்கு நான்கு. கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து நாலு நாள் வெயிலில் உலர்த்துவேன். ஒரே குறை பூஞ்சணம். ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில் மூங்கிலில் அது சீக்கிரம் பிடிக்கும். பெட்டியின் அடியில் போட்ட தேங்காய் நார்த்தூளில் நட்டு வைக்காமல் பெட்டிச் சுவரோடு சாய்த்து, அடி மட்டும் படும்படி வைத்தால் பெருமளவு குறைகிறது.

மாற்றும் நாளில் செய்வது இவ்வளவுதான். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப், 60 லிட்டர். அதற்குள் பழைய ஜாடியும் புதுப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். ஜாடியைத் திறக்கும் முன் வெளியிலிருந்து டார்ச் அடித்து, குழலுக்குள் கால் நுனி தெரிகிறதா என்று பார்ப்பேன். செவ்ரானின் பாதங்களில் ஆரஞ்சுத் தீற்று இருக்கும், வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும். அது தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை. ஒருமுறை இதைப் பார்க்காமல் காலிக் குழலைத் தூக்கியிருக்கிறேன். சிலந்தி ஜாடியின் அடியில் பட்டைக்குப் பின்னால் இருந்தது. வாயை அடைக்கப் பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை அளவாக வெட்டிக்கொள்கிறேன். துண்டு, வலைத்துணி எல்லாம் கூடாது, கால் நக நுனி நூலில் மாட்டிக்கொண்டு இழுத்தால் கால் போய்விடும். ஸ்பாஞ்சை மெதுவாகச் செருகு, குழலைத் தூக்கு, புதுப் பெட்டியில் அதே சாய்வில் வை, கதவைப் பாதி சாத்து, நீண்ட இடுக்கியால் ஸ்பாஞ்சை உருவு, முழுதாகச் சாத்து.

இதில் இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டு அப்படியே இருக்கிறது. மாதக்கணக்கில் அது நெய்த திரையும் குழாயும் கலையாமல் புது வீட்டுக்கு வருகிறது. பாட்டிலில் மாற்றிய முறை 19 நாள் எதையும் தின்னவில்லை. போன ஞாயிறு மாற்றியது புதன் இரவு பாச்சையைப் பிடித்துவிட்டது. ஒரு சிலந்தி, இரண்டு தடவை, அதனால் இதை விதியாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்தடுத்த மாற்றங்களுக்கும் இதுவே வழிவிடுகிறது. குட்டியாக இருக்கும்போதே அடுத்த பெட்டியில் நுழையும் நீளத்துக்குக் குழல் வைத்துவிடுவேன். குழல் சிறுத்துப்போனால், புதுப் பெட்டியில் சிறிய குழலுக்கு ஒட்டியே பெரிய குழலையும் வைக்கிறேன். சில வாரத்தில் தானாக மாறிக்கொள்கிறது. பிறகு காலியான சிறிய குழலை எடுத்துவிடலாம். கப்பை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு மாற்றமும் புதிதாக ஒரு பயம்.

நேரமும் முக்கியம். டெக்சாஸ் பழுப்பு டரான்டுலாக்களை 15 முதல் 40 டிகிரி வரை நான்கு வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்த்தபோது, வேகம் 2.5 மடங்கு கூடியது. காலடியின் நீளம் மாறவில்லை, காலடி வைக்கும் வேகம்தான் மாறியது. இனம் வேறு என்றாலும் ஜனவரிக் காலை எட்டு மணியை நான் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அறையில் 21 டிகிரி. ஏப்ரல் மதியம் நான் எதையும் திறப்பதில்லை. சிலந்தியை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தோல் உரிக்கப்போகும் சிலந்தியையும் தொடாதீர்கள். நிறம் மங்கி, வயிறு உப்பி, சாப்பிடாமல், குழல் வாயைப் பட்டு இழையால் மூடியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். உரித்த பிறகும் விஷப்பல் வெள்ளையிலிருந்து கறுப்பாகி இறுகும்வரை பொறுக்க வேண்டும்.

நம் நாட்டு டரான்டுலாக்களான பொசிலோதீரியாக்களும் இதேபோல மரப்பொந்தில் வாழ்பவை, ஓடுவதில் இதற்குக் குறைந்தவை அல்ல. 1899-ல் அறிவியலுக்கு அறிமுகமான, ஆந்திராவின் குத்தி ஊரின் பெயரால் அழைக்கப்படும் நீலச் சிலந்தி அந்த இனம்தான். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 முதல் சைட்ஸ் பட்டியலில் உள்ளது. காட்டிலிருந்து பிடித்தது என்று சந்தேகம் வந்தால்கூட நான் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீர்கள்.

வளை தோண்டும் வேகக்காரர்களுக்குக் குழல் முறை இப்படியே பொருந்தாது. நண்பர் வீட்டு ஆரஞ்சுப் பபூன் டரான்டுலா ஒன்றை ஒரே ஒரு முறை மாற்ற உதவியிருக்கிறேன். அங்கே பழைய டப்பாவையே மூடி எடுத்துவிட்டுப் பெரிய டப்புக்குள் வைத்து, வளை வாய்க்கு மேல் அடி வெட்டிய பாட்டிலை நிறுத்தி, நார்த்தூளை ஓரத்திலிருந்து கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் பாட்டிலுக்குள் ஏறிவிட்டது. மண்ணில் புதைத்த மூங்கில் குழலையே அது வளையாக எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க, புது டப்பாவில் ஒன்றைச் சாய்த்துப் புதைத்து வைத்திருக்கிறோம். இதுவரை அதன் வாயில் இரண்டு இழை பட்டு மட்டும் இருக்கிறது.