நான்கு வருடம் மாலா-என்: அந்த ஏழு பழுப்பு மாத்திரைகளைப் பற்றி

சின்னவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது மாலா-என் கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தேன். இப்போது அவள் எல்கேஜி போகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கப் போக முடியாத மாதம் மெடிக்கலில் மாலா-டி. இரண்டிலும் இருக்கும் ஹார்மோன் மருந்து ஒன்றுதான்: லெவோனார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மி.கி.

முதல் நாள் நர்ஸ் அக்கா எடுத்த உடனே அட்டையை நீட்டவில்லை. பிரஷர் பார்த்தார். புகைப் பழக்கம் உண்டா, ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி தெரியுமா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, கல்லீரல் கோளாறு உண்டா, வலிப்புக்கோ டிபிக்கோ மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இதைத் தர மாட்டார்களாம். இந்தக் கேள்விகளுக்காகவே, முதல் அட்டையைக் கடையில் வாங்காதே என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

"அத்தனை மாத்திரையும் வயிற்றுக்குள்ள கட்டியா நிக்கும்" என்று மாமியார் பயந்தார். நிற்காது அத்தை, தினமும் கரைந்து போவதால்தான் தினமும் போட வேண்டியிருக்கிறது என்றேன். கருமுட்டை வெளியே வராமல் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. கருப்பை வாய்ச் சளியும் கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது.

முதல் மூன்று மாதம் குமட்டல், இடையிடையே திட்டுத்திட்டாக உதிரம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட ஆரம்பித்ததும் குமட்டல் அடங்கியது. பிறகு மாதவிடாய் வலியே பாதியாகக் குறைந்தது.

நான் தப்பு செய்தது பழுப்பு மாத்திரையில். அட்டையில் 28 இருக்கும்; 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பில் ஹார்மோன் கிடையாது, வெறும் இரும்புச்சத்து. சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடுவேன். ஒருமுறை ஊர்க் கொடைக்குப் போன இடத்தில் நாள் கணக்கு தவறி, புது அட்டையை மூன்று நாள் தாமதமாகப் பிரித்தேன். வெள்ளை மாத்திரை இல்லாத நாள் ஏழைத் தாண்டினால் சினைப்பை மறுபடி கருமுட்டை வெளியிடத் தொடங்கிவிடலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. உடனே ஒன்றைப் போடு, தினமும் தொடர்ந்து போடு, ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும் என்றார் அக்கா. அந்த நாட்களில் சேர்ந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை வேண்டியிருக்குமாம்; நாங்கள் சேர்ந்திருக்கவில்லை. ஒரே ஒரு நாள் மறந்தால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டால் சரி.

ஒழுங்காகப் போட்டால் வருடத்துக்கு நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடக் கரு நிற்பது அரிது. மறந்து மறந்து போட்டால் ஏழு பேர் வரை. இப்போது ஒன்பது மணி அலாரம் பழுப்பு வாரத்திலும் அடிக்கிறது.

கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி, பார்வை மங்கல் - இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.