ஹோப்பி-டேவா மண்கலம்: ஓவியம் தீட்டியதா, தீட்டாததா?

அமெரிக்காவின் அரிசோனாவில், ஹோப்பி பழங்குடியினரின் நிலத்தில், ஃபர்ஸ்ட் மேசா என்னும் பாறைமேட்டின் மீது ஹானோ என்ற ஊர் உள்ளது. 1680இல் ஸ்பானியருக்கு எதிராக எழுந்த புவெப்லோ பழங்குடிகளின் கிளர்ச்சிக்குப் பின் ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய டேவா மக்களின் வழிவந்தோர், அங்கே இன்றும் சக்கரமின்றிக் கையாலேயே கலம் வனைகிறார்கள். அங்கு நான் சென்றிருந்தபோது ஒரே அளவிலான இரண்டு கலங்கள் முன்னே இருந்தன. ஒன்றில் கறுப்பிலும் செங்காவியிலும் பறவைச் சிறகுகள். மற்றொன்றில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டாவதையே வாங்கினேன்.

ஓவியக் கலத்தின் பெருமை பலரும் அறிந்தது. ஹானோவில் பிறந்த நாம்பேயோ என்ற குயவர், சிக்யாட்கி என்ற பழைய ஊரின் இடிபாடுகளில் கிடைத்த பானை ஓடுகளின் கோலங்களை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டெடுத்தார். 1942இல் அவர் மறைந்த பின்னும் அவர் வழியினர் அதைத் தொடர்ந்தார்கள். பின்னாளில் விற்கும் எண்ணம் இருந்தால் அதுவே நல்ல தேர்வு.

இரண்டையும் வனையும் முறை ஒன்றே: மண்ணைத் திரியாக உருட்டி வளையமாக அடுக்கி, சுரைக்குடுக்கைத் துண்டால் சுரண்டி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். என் முடிவைத் தீர்மானித்தது அந்த மெருகுதான். ஓவியக் கலத்தில் கண் முதலில் கோட்டைத் தேடிப் போகிறது. தீட்டாத கலத்தில் கல் நகர்ந்த ஒவ்வொரு தடமும், ஈரப்பதம் தவறிய ஒவ்வோர் இடமும் வெளிப்படையாகத் தெரிவதால், வனைந்தவர் எந்தக் குறையையும் மறைக்க வழியில்லை. அதன்பின் நெருப்பின் முறை வருகிறது. திறந்தவெளியில் காய்ந்த ஆட்டு எருவை அடுக்கிச் சுடும்போது, எரு கலத்தில் படாதபடி உடைந்த ஓட்டாஞ்சில்லுகளைச் சுற்றிலும் வைக்கிறார்கள். சாம்பல் நிற மண்ணிலுள்ள இரும்பு, காற்றோடு சேர்ந்து, மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறுகிறது. என் கலத்தில் ஒருபுறம் தேன் நிறம், மறுபுறம் பழுத்த மாம்பழத் தோலின் சிவப்பு, தோள்பகுதியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புகைநிழல். ஓவியக் கலத்திலும் இந்த நிறமாற்றம் உண்டு, ஆனால் அங்கே அது பின்னணியாக ஒதுங்கிவிடுகிறது.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இரண்டிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது; குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டவை என்பதால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தீட்டாத கலத்தில் எண்ணெய் விரல் பட்டால் உடனே தெரிகிறது; ஆகவே துணியால் பிடித்தே தூக்குகிறேன். ஓவியக் கலத்தை நான் வீட்டில் வைத்திருந்ததில்லை. என் கலமும் வந்து இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. ஆதலால் நாள்பட எது நன்றாகத் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

தீட்டாததை வாங்க நினைப்பவர்கள், அதைச் சாய்ந்த வெயிலில் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்து, விரல்கணுவால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக வரும்.