பழைய ஹெர்குலஸ் சைக்கிள்: வண்ணத்தைக் காப்பதா, மாற்றுவதா?

இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுடன் 1949இல் தொடங்கப்பட்ட சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த பழைய கறுப்பு ஹெர்குலஸ் வண்டிகள், ஊர்ப்புறத்து வீடுகளின் பின்கட்டில் இன்றும் சாய்ந்து நிற்கின்றன. அப்படி ஒன்றை மீட்டெடுக்க விரும்புபவருக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய வண்ணத்தை அப்படியே காப்பது, சுரண்டிவிட்டு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது, பவுடர் கோட்டிங் கொடுப்பது. காட்டர் பின்னைக் (பெடல் தண்டை அச்சோடு பூட்டும் ஆப்பு) கழற்றுவது, அச்சுகளைச் சுழலவிடும் பால்ரஸ் குண்டுகளை மாற்றுவது, சக்கரக் கோட்டம் எடுப்பது போன்ற வேலைகள் மூன்றுக்கும் ஒன்றே.

முதல் வழிக்குச் செலவு குறைவு, பொறுமை அதிகம். சோப்பு நீரால் கழுவிய பின், ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் மிகக் குறைவாகக் கரைத்து, கழற்றிய இரும்புப் பாகங்களை ஊறவைத்தால், அமிலம் துருவைக் கரைத்துவிடும்; பெயிண்ட் பெரும்பாலும் தங்கிவிடும். அது நச்சுப் பொருள் என்பதால் கையுறை கட்டாயம். ஊறிய பாகங்களைச் சமையல் சோடா கலந்த நீரில் அலச வேண்டும். அலுமினியப் பாகங்களையும் தோல் சீட்டையும் அதில் இடவே கூடாது. குரோம் ஹேண்டில்பாரின் மேல்துருவுக்கு, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்ப்பதே போதும். அழுக்குக்கு அடியில் மங்கிக் கிடந்த தங்கக் கோடும், செயின் கவரில் யாரோ எழுதி வைத்த சொந்தக்காரரின் பெயரும் ஊரும் மெல்லத் தெளிந்து வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே நான் இந்த வழியை விரும்புகிறேன். நகராட்சியும் பஞ்சாயத்தும் கொடுத்த சைக்கிள் லைசென்ஸ் வில்லை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். வண்டியின் வயதுக்கு அது ஒரு சாட்சி.

ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த வண்டி பார்வைக்குப் புத்தம் புதிதாகும். ஆனால் அழகைத் தீர்மானிப்பது கறுப்பு அல்ல, அதன்மேல் மெல்லிய தூரிகையால் கையால் இழுக்கும் கோடு. அதை இழுக்கத் தெரிந்தவர் கிடைக்காமல் ஸ்டிக்கர் ஒட்டி முடித்த ஒரு வண்டி என்னிடம் இருக்கிறது. சுரண்டுவதற்கு முன் கோடுகளின் அகலத்தையும் இடத்தையும் அளந்து படமெடுக்காமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பவுடர் கோட்டிங் தூளாகத் தெளிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிப் படிகிறது. மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் ஓட்டுபவருக்கு ஏற்ற உறுதியான பூச்சு இது. ஆனால் அதன் தடிமன் ஃபிரேமில் பதித்த எண்களை மழுக்கிவிடும். மரைகளை முன்கூட்டியே மூடாவிட்டால் பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் கப் உள்ளே போகாது.

முதல் வழியில் மனம் நிறையாதவர் பிறகு மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். சுரண்டியவருக்குத் திரும்பும் வழி கிடையாது. எனவே பாதியளவு வண்ணமேனும் மிஞ்சியிருந்தால் காப்பதே சரி. ஃபிரேம் முழுவதும் வெறும் துருவாக இருந்தாலோ, முன்பே எவரேனும் வீட்டுப் பெயிண்டை அப்பியிருந்தாலோ ஸ்ப்ரேக்குப் போகலாம். அப்பிய பெயிண்டையும் ஒரு மூலையில் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள்; அடியில் பழைய தங்கக் கோடு தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.