நான்கு பனிக்காலம் தாங்கிய சீ-டூ: வீட்டிலேயே செய்த குளிர்காலக் காப்பு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சிம்கோ ஏரியில் எங்களுக்குக் கிடைக்கும் கோடை மூன்று மாதம். பனிக்காலம் முழுவதும் என் நீர் ஸ்கூட்டரான (ஜெட் ஸ்கீ) சீ-டூ ஜிடிஐ 130, டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள வீட்டின் கராஜில்தான் நிற்கிறது. அந்தக் கராஜில் சூடேற்றும் வசதி இல்லை. ஜனவரியில் உள்ளே வைத்த தண்ணீர் வாளி அடிவரை உறைந்துவிடும். அந்தக் குளிரில் வண்டி பிழைத்திருப்பது அக்டோபரில் நாம் செலவிடும் ஒரு பிற்பகலைப் பொறுத்தது.

2021இல் ஒரு பழுதுபார்க்கும் கடையில் இந்த வேலைக்கு 450 டாலர் கேட்டார்கள். கையேட்டை இரண்டு இரவு படித்துவிட்டு நானே இறங்கினேன். ஆயில் உறிஞ்சும் பம்பையும் சேர்த்து முதல் வருடம் 200 டாலருக்குள் முடிந்தது. இப்போது நான்கு பனிக்காலம் கடந்துவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

தொடக்கத்தில் நான் தவறாகப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. சீ-டூவின் எஞ்சினுக்குள் சுற்றுவது கார்களில் இருப்பதுபோன்ற கூலன்ட், அதாவது எளிதில் உறையாத குளிர்விக்கும் திரவம். ஏரித் தண்ணீர் அங்கே நுழைவதில்லை. அப்படியானால் உறைவதற்கு எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சூடான புகை வெளியேறும் பாதையைக் குளிர்விப்பது ஏரித் தண்ணீர்தான். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. வளைவுகளில் தேங்கிய சிறிதளவு நீரே உலோகத்தைப் பிளக்கப் போதும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் உள்ள வண்டி என்றால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் இதே தண்ணீர் நிற்கும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

என் வேலை ஏரிக்கரையிலேயே தொடங்கிவிடும். கடைசிச் சவாரிக்கு முன் பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை ஊற்றி டேங்க்கை நிரப்பிவிடுகிறேன். ஓட்டும்போது அது எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்வரை போய்ச் சேர்ந்துவிடும். கரையேற்றியதும் பின்பக்க அடைப்பான்களைக் கழற்றி நீரை வடிக்கிறேன். ஒன்டாரியோவில் 2022 முதல் இது சட்டமும்கூட. சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகக் கூடாது என்பதற்காக வந்த விதி அது.

வீட்டில் குழாய் நீர் விட்டுப் புகைப்பாதையைக் கழுவும்போது வரிசை மாறவே கூடாது. எஞ்சினை ஓடவிட்ட பிறகே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடாதபோது தண்ணீர் பாய்ந்தால் புகைப்பாதை நிரம்பி, அது சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். 'முதலில் எஞ்சின்' என்று எழுதிய காகிதத்தைக் குழாய்த் திருகின்மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். நான்காவது வருடமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். தரையில் இருக்கும்போது, உந்து தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் டிரைவ் ஷாஃப்ட் சீலுக்குக் குளிர்ச்சி கிடைக்காது என்பதால் இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிடுகிறேன்.

அடுத்து கம்ப்ரஸர் காற்று. பின்னால் நீர் சீறி வந்து, குறைந்து, வெறும் காற்று மட்டும் வரும்வரை விட வேண்டும். அதன் பிறகு, கேம்பர் வண்டிகளுக்கு விற்கும் ரோஜா நிற ஆன்டிஃபிரீஸை (உறைவைத் தடுக்கும் திரவம்) சிறிய பம்ப் மூலம் கழுவும் இணைப்பு வழியாகச் செலுத்துகிறேன். இதற்கும் அதே வரிசைதான். முதல் வருடம் வெளியே வந்த திரவம் வெளுத்துப்போய், அரிசி கழுவிய நீரில் ஒரு சொட்டுச் சாயம் விழுந்ததுபோல இருந்தது. உள்ளே தங்கிய நீரோடு கலந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கலந்தால் காக்கும் சக்தி குறையும். பாட்டிலில் இருந்த அதே அடர்ந்த நிறம் பின்னால் சொட்டும்வரை இன்னொரு பாட்டிலையும் செலுத்தினேன். இந்த வேலை முழுவதிலும் நான் கண்ணை எடுக்காத இடம் இதுதான். கீழே ஒரு தட்டு வைத்துத் திரவத்தைப் பிடித்துக்கொள்கிறேன். எத்திலீன் கிளைக்கால் கலந்த பச்சை நிற ஆன்டிஃபிரீஸ் பக்கம் போக வேண்டாம். அதன் இனிப்புக்கு மயங்கி நாய்கள் நக்கிவிடும்; அது கொடிய விஷம்.

எஞ்சின் ஆயிலை இலையுதிர் காலத்திலேயே மாற்றிவிடுகிறேன். பழைய ஆயிலில் சேர்ந்த ஈரமும் அமிலமும் ஆறு மாதம் உள்ளே கிடக்கக் கூடாது.

இரண்டு முறை அடிபட்டிருக்கிறேன். முதல் வருடம் பேட்டரியை வண்டியிலேயே விட்டுவிட்டேன். சார்ஜ் இறங்கிய பேட்டரி எளிதில் உறையும். ஏப்ரலில் பார்த்தபோது பக்கங்கள் புடைத்திருந்தன. இப்போது அதைக் கழற்றி வீட்டு அடித்தளத்தில் சிறு சார்ஜரில் வைக்கிறேன். இரண்டாம் வருடம் எலி. இருக்கைப் பஞ்சைப் பிய்த்து, சாமான் பெட்டிக்குள் கூடு கட்டியிருந்தது. வயர் ஒன்றும் கடிபடவில்லை என்பதை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த பிறகே மூச்சு வந்தது. அதிலிருந்து புகை வெளியேறும் வாயில் இரும்பு நார் அடைக்கிறேன். வசந்தத்தில் மறந்துபோய் எஞ்சினை இயக்கிவிடக் கூடாது என்று அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, மறுமுனையைக் கைப்பிடியில் முடிந்துவிடுகிறேன். இருக்கையை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறேன்.

உறை போடும்போது ஒன்று: பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காற்று புகும் துணி உறையே நல்லது.

இந்த மே மாதம் முதல் தட்டிலேயே எஞ்சின் எழுந்தது. பின்னால் சில நொடி ரோஜா நிறத்தில் சொட்டி, பிறகு தெளிந்த நீர் வந்தது. இனி டிரெய்லர் சக்கரங்களின் பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதையும் அக்டோபர் வேலையோடு சேர்க்கப்போகிறேன். இந்த வருடம் ஏரிக்குப் போகும் வழியில் இடது சக்கரம் முனகிக்கொண்டே வந்தது.